ஆட்டு இதயம் வரும்வரை

ஷெல்பி வார்கஸ் தவளையை மூன்று முறை அறுத்திருந்தாள். மூன்றும் வெவ்வேறு பள்ளிகளில்.

கலிஃபோர்னியாவின் ஃப்ரெஸ்னோ நகரப் பள்ளிகளில் வீடில்லாத பிள்ளைகளுக்கும் வளர்ப்பு வீடுகளில் இருப்பவர்களுக்கும் படிப்பு தடைபடாமல் பார்த்துக்கொள்வது என் வேலை. அவள் என்னிடம் வந்தபோது பதினேழு வயது. சிறு வயதிலேயே நீதிமன்றம் அவளைத் தாயிடமிருந்து பிரித்து வளர்ப்பு வீட்டுக்கு அனுப்பியிருந்தது. வீடு மாறும்போதெல்லாம் பள்ளியும் மாறியது.

"உயிரியல்ல எங்க போனாலும் முதல்லேர்ந்து ஆரம்பிக்கிறாங்க மிஸ். தவளை வரும், உடனே நான் பெட்டி கட்டணும்."

"தவளைக்கு அப்புறம் என்ன?"

"ஆட்டு இதயமாம். நான் பாத்ததே இல்ல."

பாதியில் விட்ட படிப்புக்கும் உரிய கிரெடிட்டை, அதாவது தேர்ச்சிப் புள்ளிகளை, பள்ளிகள் தந்தாக வேண்டும். பழைய பள்ளிகளுக்கெல்லாம் ஃபோன் செய்தேன். இழுத்தடித்தவர்களுக்குச் சட்டத்தை வாசித்துக் காட்டினேன். துண்டு துண்டாக வந்ததைக் கூட்டினால், அவளைப் போன்றவர்களுக்கு மாநிலம் கேட்கும் குறைந்தபட்ச அளவு சேர்ந்துவிட்டது.

"கிறிஸ்துமஸோட உனக்குப் பள்ளிக்கூடம் முடிஞ்சுது" என்றேன்.

"உயிரியலும் பாஸா? ஆரம்பத்தையே மூணு தடவை படிச்சதுக்கா?" விழுந்து விழுந்து சிரித்தாள். பிறகு கேட்டாள்: "அப்போ மிச்சப் பாடம்?"

"அது வேணாம்னு விட்டுடலாம்."

"வேணும்னா?"

இதை என்னிடம் யாரும் கேட்டதில்லை. "இருந்து படிக்கலாம். அதுவும் உன் உரிமைதான்."

வளர்ப்புத் தாய் மிஸஸ் டோலன் தலையில் அடித்துக்கொண்டார். "கதவைத் திறந்து விட்டாலும் போக மாட்டேங்கிறியேடி!"

ஷெல்பி போகவில்லை. பிப்ரவரியில் மிஸஸ் டோலன் வழுக்கி விழுந்ததில் இடுப்பெலும்பு முறிந்தது. ஷெல்பியை வேறு ஊரான மடேராவில் வேறொரு வீட்டில் சேர்த்தார்கள். உயிரியல் புத்தகத்தைத் திருப்பித் தர என் அறைக்கு வந்தாள்.

"போயிட்டு வரேன் மிஸ். இந்தத் தடவை தவளைகூட ஆகல."

"புத்தகத்தை எடு. வீடுதான் மாறுது, பள்ளிக்கூடம் மாறல."

"மடேராலேர்ந்து எப்படி வர்றது?"

"வண்டி வரும். சட்டத்துல இருக்கு."

"அப்போ இத்தனை வருஷமா ஏன் யாரும் சொல்லல?"

மறுநாளே வண்டிக்கு ஏற்பாடு செய்தேன்.

டிரைவர் ஹார்வி வாரம் முடிவதற்குள் புலம்ப ஆரம்பித்தார். "வழியில இருக்கிற பாதாம் மரம் இலை விடாம ஏன் முதல்ல பூக்குதுன்னு கேக்குறா. நான் வண்டி ஓட்டுறதா, விவசாயம் படிக்கிறதா?" ஆனாலும் தெரிந்தவரிடம் விசாரித்து வந்து அவளிடம் சொன்னார்.

ஏப்ரலில் இதயம் வந்தது. அன்று நானும் கடைசி வரிசையில் போய் நின்றேன். ஷெல்பி அதைப் பிளந்ததும் முகத்தை அருகே கொண்டுபோனாள்.

"சார், உள்ள நூல் நூலா இருக்கே, எதுக்கு?"

"ரத்தம் திரும்பி வராம ஒரு கதவு இருக்கு" என்றார் ஆசிரியர் பெட்ரோசியன். "அது பின்பக்கம் மடங்கிடாம பிடிச்சிருக்கிறது அந்த நூல்தான். இழுத்துப் பாரு."

இழுத்தாள். அறுபடவில்லை. விரலில் சுற்றி இன்னும் பலமாக இழுத்தாள். "இவ்ளோ மெல்லிசா இருந்துக்கிட்டு!" என்றாள். மணி அடித்த பிறகும் கையுறையைக் கழற்றவில்லை.

ஜூனில் பட்டமளிப்பு நடந்தது. மிஸஸ் டோலன் ஊன்றுகோலோடு வந்து முன்வரிசையில் உட்கார்ந்து, அவள் பெயரை அழைக்கும் முன்பே கை தட்டினார்.

இப்போது ஷெல்பி ஒரு பாதாம் ஆலையில் இயந்திரங்களைப் பழுதுபார்க்கக் கற்றுக்கொள்கிறாள். நன்றாக ஓடும் இயந்திரத்தையும் திறந்து பார்க்கிறாளாம், மேலாளர் திட்டுகிறாராம்.