நீலம் குறையாத ஆறு

மூக்குக்கண்ணாடியைத் துடைத்த அதே துணியால் கம்ப்யூட்டர் திரையையும் துடைக்கிறார். திரையில் ஆறு பளபளக்கிறது, அவருக்குத் திருப்தி. ஜன்னலைத் திறந்தால் நிஜ ஆறு தெரியும். மணல் பறந்து வந்து மேசையில் விழுகிறதென்று அதை எப்போதும் சாத்தியே வைத்திருக்கிறார்.

நிலத்தடி நீர் எங்கிருந்து எங்கே ஓடுகிறது, எவ்வளவு இறைத்தால் தாங்கும் என்று கம்ப்யூட்டரில் கணக்குப் போட்டுச் சொல்வது அவர் வேலை. அலுவலகத்தில் அவருக்கு நாங்கள் வைத்த பெயர் 'பாதாளம்'. பதினோரு வருடமாகப் பக்கத்து மேசையில் உட்கார்ந்து அவருடைய அறிக்கைகளைத் தட்டச்சு செய்கிறேன். மனிதர் ஒரு கிணற்றையாவது எட்டிப் பார்த்து நான் கண்டதில்லை. தலை சுற்றுமாம்.

அவர் கணக்கில் ஆறு என்றும் கரை புரளும். வெள்ளம் வந்த வருடத்து நீர்மட்டத்தை ஒருமுறை போட்டார். அப்புறம் அதைத் தொடவே இல்லை. எத்தனை ஆழ்துளைக் கிணறு போட்டாலும் ஆறு சளைக்காமல் ஊட்டிக்கொண்டிருக்கும். நடுவில் வீட்டிலிருந்து மனைவி கூப்பிடுவார். "தண்ணி லாரியா? ரெண்டாவே சொல்லிடும்மா" என்று போனை வைத்துவிட்டு, என் பக்கம் திரும்பி, "நீர்வளம் திருப்திகரம்னு அடிச்சுக்குங்க" என்பார். நானும் அடிப்பேன். வெட்கமாகத்தான் இருக்கிறது.

போன வாரம் ஆற்றோரம் காய்கறி பயிரிடும் ஒரு அம்மா வந்தார். அவர் கிணற்றைச் சுற்றி, நகரத்துக்குத் தண்ணீர் எடுக்க எட்டு ஆழ்துளைக் கிணறுகள் போடத் திட்டம். தாங்கும் என்று பாதாளம் எழுதிவிட்டால் மறுநாளே இயந்திரம் வந்து இறங்கிவிடும்.

"இங்க பாருங்கம்மா, எல்லாம் நீலம். நீலம்னா தண்ணி."

"ஆத்துல மாடு படுத்திருக்கு சார்."

"அது வெறும் கண்ணுல பாக்குறது. நான் சொல்றது கணக்கு."

அந்த அம்மா பையிலிருந்து வாளிக் கயிற்றை எடுத்து மேசைமேல் போட்டார். நான்கு முடிச்சு.

"வருஷத்துக்கு ஒரு துண்டு சேத்துக் கட்டினேன். இனிமே கட்டக் கயிறு இருக்கு, கிணத்துலதான் ஆழம் இல்ல. எட்டு போர்ல ஒண்ணு போட்டாக்கூட நான் மூட்டை கட்ட வேண்டியதுதான்."

பாதாளம் முடிச்சுகளை விரலால் தொட்டு எண்ணினார். மனிதருக்கு உறைத்துவிட்டது என்றே நினைத்தேன். திரையில் அந்தக் கிணற்றைத் தேடினார். அத்தனை நீலத்துக்கும் நடுவே ஒரே ஒரு சிவப்புப் புள்ளி. "இந்தக் கிணறு ஒண்ணுதான் கணக்குக்கு ஒத்து வரமாட்டேங்குது" என்று முணுமுணுத்தபடி அதை அழித்தார். பிறகு கயிற்றைச் சிக்கில்லாமல் சுருட்டி, எழுந்து நின்று, இரண்டு கைகளாலும் அந்த அம்மாவிடம் கொடுத்தார்.