கை வைத்தால் உதிரும் எழுத்து

மந்தைவெளி வந்த பிறகுதான் என் இரண்டு கைகளும் கறுப்பாக இருப்பதைக் கவனித்தேன். மயிலாப்பூர் குளத்துப் பக்கம் ஒரு ஜெராக்ஸ் கடையிலிருந்து இறங்கி, திரும்பிப் பார்க்காமல் நடந்துகொண்டிருந்தேன். திருவான்மியூர் போய், கிழக்குக் கடற்கரைச் சாலையில் எந்த பஸ் முதலில் வருகிறதோ அதில் ஏறிவிடுவது என்று முடிவு. பை தோளில் இருந்தது. வேலையை விடும்போது எனக்குக் கால்தான் முதலில் கிளம்பும். எங்கே, ஏன் என்பதெல்லாம் இரண்டு தெரு தாண்டித்தான் யோசனைக்கு வரும்.

அந்தக் கடையில் பதினோரு நாள் இருந்தேன். எட்டாவதோடு படிப்பை விட்டவனுக்கு அங்கே கிடைத்தது பிரிண்டரின் மைத்தூளை, டோனரை, நிரப்பும் வேலை. தூள் இருக்கும் கார்ட்ரிட்ஜ் டப்பாவின் பக்கவாட்டில் இருக்கும் சின்ன ஊசியைக் குறடால் இழுத்து, இரண்டாகப் பிரித்து, உள்ளே சேர்ந்த கழிவுத் தூளைக் கொட்டி, உருளையில் விரல் படாமல் துடைத்து, புனல் வைத்துப் புதுத் தூளை ஊற்றி மூட வேண்டும். மூன்றாவது நாளே கை பழகிவிட்டது. பழகியதுதான் வினை. முந்தின நாள் காலையில் வழக்கமான பாட்டில் காலி. அலமாரியில் பெரிய மெஷினுக்கு வாங்கி வைத்த வேறொரு பாட்டில் இருந்தது. மேலே ஒட்டியிருந்ததை எழுத்துக்கூட்டிப் படிக்க எனக்குப் பொறுமை இல்லை. கறுப்புத் தூள் கறுப்புத் தூள்தானே என்று ஊற்றிவிட்டேன். பிரிண்ட் அருமையாக வந்தது. “இன்னாடா, புது மெஷின் மாதிரி கீது!” என்று ஓனரே பாராட்டினார்.

மறுநாள் மதியத்துக்குள் நாலு பேர் தாளும் கையுமாகத் திரும்பி வந்தார்கள். விரல் பட்டால் எழுத்து மாவு மாதிரி ஒட்டிக்கொண்டு வந்தது. ஓனர் கத்தினார். நானும் கத்தினேன். பையை எடுத்துக்கொண்டு இறங்கிவிட்டேன்.

“யோவ்! கறுப்புக் கை! நில்லுய்யா!”

திரும்பினேன். நாற்பது வயதிருக்கும் ஒரு பெண், பிளாஸ்டிக் ஃபைலை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு மூச்சு வாங்க வந்தார்.

“உன் ஓனராண்ட கேட்டா, ஊத்துனவன் அவன்தான், போறான் பாரு, அவனையே புடின்னு கை காட்டிச்சு. இதுக்கு இன்னா பண்ணப் போற?”

ஃபைலில் இரண்டு தாள். ஒன்று மனு, ஒன்று டாக்டர் சான்று. அடையாற்றங்கரையில் இருந்த அவர்கள் வீட்டை அரசாங்கத்தில் இடித்துவிட்டு, ஊருக்கு வெளியே அடுக்குமாடியில் நாலாவது மாடி கொடுத்திருந்தார்கள். கணவருக்குச் சர்க்கரையில் ஒரு கால் முழங்காலோடு போய்விட்டது. லிஃப்ட் ஓடுகிற நாளைவிட நிற்கிற நாள்தான் அதிகம். தரைத்தளத்தில் ஒரு வீடு காலியாகியிருந்தது. அதைக் கேட்டு மனு கொடுக்க அன்று ஐந்து மணிதான் கடைசி.

“வேற கடைல திருப்பி பிரிண்ட் எடுத்துக்கலாம்க்கா.”

“மனு எடுப்ப. டாக்டரு கையெழுத்த யாரு போடுவா, நீ போடுவியா? காத்தால போட்டுட்டு ஊருக்குப் பூட்டாரு. அடுத்த வாரந்தான் வருவாரு.”

சான்றைப் பார்த்தேன். டாக்டர் சொன்னதை எங்கள் கடையில் அடித்து எடுத்து, அதில் கையெழுத்து வாங்கியிருந்தார். பேனா மையும் ரப்பர் முத்திரையும் கல் மாதிரி இருந்தன. அவற்றுக்கு மேலே சொல்ல வேண்டிய விஷயத்தில்தான் மடிப்பில் ஒரு வரி வெளுத்துப் போயிருந்தது. மிச்சமும் யாராவது தொடும்வரைதான்.

“ஆபீஸ்ல கிளார்க்கு வாங்குறப்பவே கையோட வந்துடும்யா. வெத்துப் பேப்பர்ல டாக்டர் கையெழுத்தான்னு வெரட்டுவான்.”

மன்னிப்புக் கேட்டுவிட்டு நடந்திருக்கலாம். அப்படி நடந்தும் எனக்குப் பழக்கம் உண்டு. ஆனால் அப்போது வேலைக்குச் சேர்ந்த அன்று ஓனர் சொன்னது ஞாபகம் வந்தது: கையை வெந்நீரில் கழுவாதே, தூள் இளகித் தோலில் பிடித்துக்கொள்ளும். பிரிண்டருக்குள்ளும் ஒரு சூடான உருளைதான் தூளைத் தாளில் இளக்கி ஒட்டுகிறது. மாட்டிய தாளை எடுக்கப்போய் அதில் விரலைச் சுட்டுக்கொண்டிருக்கிறேன். பெரிய மெஷின் தூளுக்கு எங்கள் சின்ன மெஷினின் சூடு போதவில்லை.

“சூடு காட்டணும்க்கா. வாங்க.”

அடுத்த தெரு முனையில், மரத்தடியில் ஒரு இஸ்திரி வண்டி. கரிப்பெட்டியை ஊதிக்கொண்டிருந்த பெரியவரிடம் விஷயத்தைச் சொன்னேன்.

“இன்னா நைனா, பட்டுப் பொடவைக்கே பயப்படாம போடுவேன். பேப்பருக்கா?”

“முதல்ல மனுவுல போட்டுப் பாப்போம்ணா.”

மனுவின் மேல் ஒரு வெள்ளைத் தாளை வைத்துத் தேய்த்தார். எடுத்துப் பார்த்தால் பாதி எழுத்து மேல் தாளுக்குப் போய்விட்டது. அந்த அம்மா ஃபைலை மூடிவிட்டார். “போதும் சாமி, உங்க ரெண்டு பேரு வித்தையும்.”

என்னால் சும்மா நிற்க முடியவில்லை. வண்டியைச் சுற்றி வந்தேன். எதிரே பைக் நம்பர் பிளேட்டுக்கு ஸ்டிக்கர் ஒட்டும் கடை. வாசலில் ஸ்டிக்கர் உரித்த பின்தாள் குவிந்து கிடந்தது. ஒரு பக்கம் வழவழவென்று, எதுவும் ஒட்டாத தாள். ஓடிப்போய் நாலு எடுத்து வந்தேன். வழவழப்பான பக்கம் எழுத்தைப் பார்க்க வைத்து, மனுவின் மிச்சப் பாதியில் பெட்டியை அழுத்தி எண்ணிப் பத்து வரை நின்றோம். உரித்தபோது எழுத்து மனுவிலேயே இருந்தது. அந்த அம்மா எச்சில் தொட்ட விரலால் தேய்த்தார். வரவில்லை.

பிறகுதான் சான்றை வெளியே எடுத்தார், குழந்தையைக் கொடுப்பதுபோல. பெரியவர் பெட்டியின் சூட்டை ஈரத் துணியில் தட்டிப் பார்த்தார். பின்தாளை வைத்து அழுத்தி, மறுபடி பத்து வரை எண்ணினோம். உரித்தார். மடிப்பில் வெளுத்த வரி வெளுப்பாகவே நின்றது, ஆனால் படிக்க முடிந்தது. மற்ற எழுத்தெல்லாம் அழுத்தமாகப் பிடித்திருந்தது. மனுவை மட்டும் பக்கத்துக் கடையில் புதிதாக அடித்து எடுத்துக்கொண்டு அவர் ஷேர் ஆட்டோவில் தொற்றினார். அப்போது மணி நாலேகால்.

“நாளைக்குக் காத்தால ஏழு மணிக்கு இங்கதான் எறங்குவேன், வேலைக்கு. மனுவ வாங்கலன்னா நீ இருக்கணும், சொல்லிட்டேன்!”

நான் இருக்க வேண்டிய அவசியம் இல்லை. ஆனாலும் திருவான்மியூர் போக முடியவில்லை. அடையாறு பாலம் வரை நடந்தேன், திரும்பினேன், மறுபடி நடந்தேன். ராத்திரி பஸ் நிறுத்தத்தில் படுத்து எழுந்து ஆறரைக்கே வண்டியடியில் போய் நின்றேன். மூன்று பஸ் வந்து போயிற்று. நாலாவதில் இறங்கினார்.

“வாங்கிக்கினான். கட்டைவெரல வெச்சி தேய்தேய்னு தேச்சிட்டு சீல் போட்டுக் குடுத்தான். வூடு குடுப்பானான்னு கேக்காத, அது அவனுக்கே தெரியாது.” ரசீதை ஒரு முறை காட்டிவிட்டு, வேலைக்கு நேரமாயிற்று என்று விறுவிறுவென்று போய்விட்டார்.

பெரியவர் கரியைப் பற்றவைத்துக்கொண்டே கேட்டார். “பஸ்ஸு ஏறலியா?”

“ஏறணும்ணா.”

“துணி வாங்கியாற ஆளு இல்ல. அபார்ட்மெண்ட் அபார்ட்மெண்டா போவணும். எத்தினி நாளு நிப்ப?”

“தெரியலண்ணா.”

“சரி, இன்னிக்குத் துணிய கொணாந்துட்டு ஓடிப்போ.”

மூட்டை கட்டும் பழைய போர்வையைக் கொடுத்தார். பையை வண்டிக்கு அடியில் தள்ளிவிட்டு, அவர் காட்டிய முதல் கட்டடத்துக்கு நடந்தேன்.