குழல்காரனின் வெள்ளைக் கோட்

கனடாவுக்கு வந்த புதிதில் கோப்பை கழுவியவர்களும் பிறம்ரன் கிடங்குகளில் பெட்டி தூக்கியவர்களும் நம்மில் நிறையப் பேர். பட்டாளத்துக்குக் குழல் ஊதியவன் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். தொண்ணூறுகளின் நடுவில், ரொறன்ரோ ஏரிக்கரையிலுள்ள பழைய கோட்டையில், கோடையில் சுற்றிப்பார்க்க வருபவர்களுக்கு, இருநூறு வருடத்துக்கு முந்திய பிரிட்டிஷ் படைபோல அணிவகுத்துக் காட்டுவோம். யாழ்ப்பாணத்தில் பள்ளிக்கூட பான்ட் குழுவில் குழல் ஊதினேன் என்று விண்ணப்பத்தில் எழுதியதால் வந்த வேலை. அந்த மூன்று கோடைகளை நினைத்தால் இன்றும் மனம் இளகுகிறது.

குழைவு கூடாது

படைக்குழல் ஆறு துளையுள்ள சின்ன மரக்குழல். வெடிச்சத்தத்தையும் தாண்டிக் கேட்கவேண்டும் என்பதற்காகக் கீச்சென்று ஒலிக்கும். என்னுடையதோ நாதஸ்வரம் கேட்டு வளர்ந்த காது. முதல் ஒத்திகையில் சுரங்களை வழுக்கி, குழைத்து, நீட்டி ஊதினேன். பின்னால் வந்தவர்களின் கால்கள் பின்னிக்கொண்டன. மேளத் தலைவர் ஓய்வுபெற்ற தபால்காரர், பொறுமைசாலி. கையை உயர்த்தி எல்லோரையும் நிறுத்தினார்.

“அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் இது படையை நடக்கவைக்கிற குழல், நீ நித்திரையாக்குகிறாய்.”

மேளம்தான் மணிக்கூடு

ஒருநாள் நகரின் கிழக்குக் கோடியிலுள்ள ரூஜிலிருந்து ஒரு அங்கிள் விருந்தினர்களோடு வந்தார். தமிழ் முகத்தைக் கண்டதும் என்னைப் பிடித்துக்கொண்டார். அந்தக் காலத்துப் படைவீரனுக்கு மணிக்கூடு கிடையாது, எழும்ப ஒரு அடி, சாப்பிட ஒரு அடி என்று எல்லாவற்றுக்கும் மேளம்தான் என்று விளக்கினேன். பொழுதுபட்டதும் ஊருக்குள் மேளம் அடித்துக்கொண்டு போவார்கள், சாராயக்கடைகள் பூட்டவேண்டும் என்பது அதன் பொருள் என்றேன். அங்கிள் முகம் கறுத்துவிட்டது.

“அப்ப தம்பி, உந்தக் கடையளை இண்டைக்கும் வெள்ளெனப் பூட்டுறதுக்கு நீங்கள்தான் காரணமோ?”

கோட் வீட்டுக்குள் வராது

மூன்றாம் வருட வசந்தத்தில் என் மனைவி சாந்தி ஊரிலிருந்து வந்து சேர்ந்தாள். அவள் தம்பி ஊரில் ஆமியின் சுற்றிவளைப்பு ஒன்றில் பிடிபட்டுப் போனவன், திரும்பவில்லை. தோய்க்கக் கொண்டுவந்த என் வெள்ளைப் பட்டாளக் கோட்டைக் கண்டதும் வாசலிலேயே நின்றுவிட்டாள். அந்த வேலையை விடச் சொன்னாள். உடுப்பு வீட்டுக்குள் வரக்கூடாது என்றாள்.

படைக்குச் சிவப்பு, வாத்தியக்காரனுக்கு மட்டும் வெள்ளை, புகைக்குள் அதிகாரி தேடிப்பிடிக்க வசதியாக என்று எடுத்துச் சொன்னேன். எங்களிடம் சுடத் துவக்கு இல்லை, சண்டையில் காயப்பட்டவரைத் தூக்குவதுதான் எங்கள் வேலை என்றும் சொன்னேன். எனக்கு அந்தக் குழல் வேண்டியிருந்தது, அவளும் வேண்டியிருந்தாள்.

“துவக்கு இல்லாட்டிலும் அவங்களோடதானே நடக்கிறியள்?”

கடைசி ஞாயிறு

நான் வேலையை விடவில்லை, உடுப்பைத்தான் வேலையிடத்திலேயே விட்டுவந்தேன். கோடையின் கடைசி அணிவகுப்பன்று, சொல்லாமல் கொள்ளாமல், நாங்கள் குடியிருந்த பிக்கரிங்கிலிருந்து சாந்தி ரயிலேறி வந்திருந்தாள். ஊதிக்கொண்டே கூட்டத்தில் அவளைக் கண்டேன். அடுத்த நிமிடம் சிவப்புக் கோட்டுக்காரர்கள் வெற்று வெடி தீர்த்தார்கள். எல்லோரும் கைதட்ட, சாந்தி மட்டும் புல்லில் குப்புற விழுந்து காதைப் பொத்திக்கொண்டு கிடந்தாள். ஊர்ச் சண்டையில் எங்கள் ஆட்களுக்கு உடம்பே அப்படித்தான் பழகியிருந்தது.

வானமே இடிந்தாலும் அணியைவிட்டு விலகக்கூடாது என்பது விதி. நான் விலகினேன். குழலில்லாமல் மேளம் தனியே போய்க்கொண்டிருந்தது. அவள் பக்கத்தில் அந்தக் கோட்டோடு மண்டியிட்டேன். என்னை விலக்குவாள் என்றுதான் நினைத்தேன். கொஞ்ச நேரம் என் கோட்டின் கையை இறுக்கிப் பிடித்திருந்தாள். பிறகு மெல்ல எழும்பியிருந்து, என் முழங்காலில் ஒட்டிய புல்லைத் தட்டிவிட்டாள்.

“நான் இதில இருக்கிறன். நீங்கள் போய் ஊதுங்கோ, மேளம் தனியப் போகுது.”

அணியை விட்டு ஓடியதற்காக நிர்வாகம் ஒரு எச்சரிக்கைக் கடிதம் தந்தது. என் பட்டாளச் சேவையில் நான் வாங்கிய ஒரே பதக்கம் அதுதான்.