கிளைச் செயலாளரும் ஜப்பான் மேலாளரும்

நவி மும்பை வாஷியில் நான் வேலை பார்க்கும் ஜப்பான் கம்பெனியின் மேலாளர், பொங்கலன்று தாராவியில் எங்கள் வீட்டுக்கு வந்திருந்தார். சுவரில் சாமி படங்களைவிடப் பெரிதாகத் தொங்கிய நடிகரின் படத்தைக் காட்டி, யாரென்று கேட்டார். நடிகராக இருந்து கட்சி தொடங்கியவர், அப்பாவின் தலைவர் என்றேன். தங்கள் நாட்டிலும் டிவியில் சிரிக்கவைத்துக்கொண்டிருந்த ஒருவர் எம்.பி. ஆகிவிட்டார் என்று அவர் உற்சாகமாகச் சொன்னார்.

அப்பா அசரவில்லை. நடிகர் அரசியலுக்கு வராமல் இருந்தால்தான் அவருக்கு ஆச்சரியம். தாராவி ரசிகர் மன்றம் ஒருநாள் காலையில் கட்சிக் கிளையாக மாறியபோது, மன்றச் செயலாளராக இருந்த அப்பா அப்படியே கிளைச் செயலாளர் ஆனார். அந்தக் கட்சி மும்பையில் எந்தத் தேர்தலிலும் நின்றதில்லை என்பது வேறு விஷயம்.

"ஏட்டி, அந்த ஜப்பான் எம்.பி. தன் மன்றத்து ஆளுகளுக்கு என்ன பதவி குடுத்தாருன்னு கேளு" என்றார் என்னிடம்.

ஆங்கிலத்தில் கேட்டேன். மேலாளர் குழம்பிப்போனார். ரசிகர்களுக்கு எதற்குப் பதவி? பிடித்திருந்தது, ஓட்டுப் போட்டார்கள், அவ்வளவுதான் என்றார்.

"நம்பி நின்ன பயலுவளுக்கு ஒண்ணுமே செய்யலியா? அவன்லாம் ஒரு தலைவனா?" அப்பாவுக்குக் கோபமே வந்துவிட்டது. தோளில் கிடந்த கட்சித் துண்டை உதறி மறுபடி போட்டுக்கொண்டார்.

பொங்கல் பரிமாறிக்கொண்டிருந்த அம்மா நிமிரவே இல்லை. "உங்க தலைவரு உங்களுக்கு என்ன செஞ்சாராம்?"

அப்பா பெருமையாகத் துண்டைத் தொட்டுக் காட்டினார்.

"அது நான் தாதர் மார்க்கெட்ல வாங்குனது" என்றாள் அம்மா.