தாடையில் அப்பிய சாம்பல்

கோவில்பட்டி தீப்பெட்டி ஆபீஸில் குச்சிக்கு மருந்து முக்குகிற வேலை எனக்கு. ஒருநாள் இருமிவிட்டு வாயைத் துடைத்தேன். துண்டில் சிவப்பு. தீக்குச்சி மருந்து என்று நினைத்தேன். மூன்று மாதம் அப்படியே நினைத்தேன். நீங்கள் அப்படி இருந்துவிடாதீர்கள்.

எக்ஸ்ரே எடுத்தார்கள். காசநோய் (நுரையீரலைக் கிருமி அரிப்பது). தினமும் ஸ்ட்ரெப்டோமைசின் ஊசி (அந்தக் கிருமியைக் கொல்லும் மருந்து). காதுக்குள் இரைச்சல், நடந்தால் தலைசுற்றல். நாற்பது ஊசியோடு நிறுத்திவிட்டேன். எப்படியும் சாவுதான் என்று முடிவு செய்தேன்.

எங்கள் பக்கம் செத்தவர்களுக்குத்தான் படம் எழுதி மாட்டுவார்கள். என்னிடம் போட்டோ கிடையாது. நான் போனபின் என் மனைவி செல்லத்தாய் எதைக் காட்டி எழுதச் சொல்வாள்? கடைகளுக்குப் போர்டு எழுதும் ஆறுமுகத்தை நானே வரச் சொன்னேன். நாலு நாள் எதிரே உட்கார்ந்தேன்.

படத்தைப் பார்த்துச் செல்லத்தாய் கொதித்தாள்.

"ஊர்ல தொங்குத படமெல்லாம் ரோசாப்பூ மாதிரி இருக்கு. இவியளுக்கு மட்டும் சாம்பலப் பூசியிருக்கீரு?"

"செத்தவியள எப்படியும் செவக்க வைக்கலாம் மதினி. எந்திரிச்சி வந்தா கேக்கப் போறாவ? அண்ணாச்சி முன்னால உக்காந்திருக்காவளே."

நான் வாங்கிப் பார்த்தேன். கிட்டத்தில் முகமே இல்லை. பிரஷ் இழுத்த இழுப்புகள்தான். காய்ந்த கரிசல் நிறம், சாம்பல், கொஞ்சம் பழுப்பு. கன்னக்குழி ஒரே இழுப்பு. சுவரில் சாய்த்துவிட்டுத் தள்ளி நின்றேன். முகம் வந்தது. தாடையில் மட்டும் பெயிண்ட் தடிப்பாக இருந்தது.

"இங்கன ஏன் இம்புட்டு அப்பியிருக்கீரு?"

"நாலு நாளும் பல்லக் கடிச்சிக்கிட்டுல்லா இருந்திய அண்ணாச்சி."

உண்மைதான். இருமலை அடக்கினேன். சாகத் துணிந்தவன் என்று என்னை நினைத்திருந்தேன். அந்தத் தாடை அப்படிச் சொல்லவில்லை; உயிரை விடமாட்டேன் என்று இறுகியிருந்தது. ரோஜா நிறம் பூசியிருந்தால் எனக்கு அது தெரிந்திருக்காது.

மறுநாள் ஆஸ்பத்திரிக்குப் போனேன். டாக்டர் ஏசினார்.

"பாதியில விட்டா கிருமி மருந்துக்குப் பழகிரும்வே. மொதல்லருந்து தொடங்கணும். ஒண்ணரை வருசம். வருவீரா?"

"வாரேன்."

போனேன். கிருமி ஒழிந்தது. காது இரைச்சல் ஒழியவில்லை. இடது நுரையீரல் சுருங்கிவிட்டது. ரயில் ஸ்டேஷன் படியேறும்போது மூச்சு வாங்க இரண்டு தடவை நிற்கிறேன். வருஷக் கணக்கில் யோசிப்பதில்லை. ஒரு மூச்சு எவ்வளவு தூரம் போகிறதோ, அவ்வளவு தூரம் நடக்கிறேன்.

உயிரோடு இருப்பவன் படத்தை மாட்டச் செல்லத்தாய் சம்மதிக்கவில்லை. அது அரிசிப் பானைக்குப் பின்னால் இருக்கிறது.

எப்போதாவது இருமல் வரும். அடுப்படியில் அம்மிச் சத்தம் நின்றுவிடும்.

"வெறும் சளிதாம் ஏட்டி" என்பேன்.

கொஞ்ச நேரம் கழித்துத்தான் அம்மிச் சத்தம் மறுபடி கேட்கும்.