நடுப்பெட்டி தேடி லாசால் வரை

மொன்றியல் மெட்ரோவின் முதல் தலைமுறைப் பெட்டிகள் ஓய்வுபெற்றுச் சில ஆண்டுகளாகிவிட்டன. அவற்றின் சிறு மாதிரிகளை நான் சேர்த்துவருகிறேன். மூன்று பெட்டிகள் சேர்ந்தால்தான் ஒரு தொகுதி: இரு முனையிலும் மோட்டார் பெட்டிகள், நடுவில் ஓட்டுநர் அறை இல்லாத பெட்டி. முனைகள் இரண்டும் என்னிடம் இருந்தன. நடுப்பெட்டிதான் நான்கு வருடமாக அகப்படவில்லை. சென்ற மாதம் நகரின் தென்மேற்கே லாசாலில் ஒருவர் விற்பதாக இணையத்தில் பார்த்தேன். அடுத்த சனிக்கிழமையே புறப்பட்டுவிட்டேன்.

பார்க் நிலையத்தில் காலை 10.05க்கு நீலப் பாதையில் ஏறினேன். ஸ்னோடனில் செம்மஞ்சள் பாதைக்கும் லியோனல் குரூவில் பச்சைப் பாதைக்கும் மாறி, கடைசி நிலையமான ஆங்ரிஞோனில் இறங்கினேன். நாற்பத்தைந்து நிமிடம், கட்டணம் 3.75 டொலர். (சனிக்கிழமைகளில் ரயில் சற்று இடைவெளி விட்டுத்தான் வரும்.)

வழியெல்லாம் பழைய பெட்டிகளின் நினைவுதான். பிரேக் பிடிக்கும்போது கச்சான், அதாவது நிலக்கடலை, வறுக்கும் மணம் வரும். மரத்தாலான பிரேக் கட்டைகளைக் கச்சான் எண்ணெயில் ஊறவைப்பார்களாம். இந்த ஊருக்கு வந்த புதிதில் அந்த மணம் பசியைக் கிளப்பும். உள்ளே ஒட்டியிருந்த விளம்பரங்களை எழுத்துக்கூட்டி வாசித்துத்தான் பிரெஞ்சு படித்தேன்.

நிலையத்திலிருந்து பதினெட்டு நிமிட நடை. விளம்பரம் பிரெஞ்சில் இருந்ததால், கதவைத் திறந்தவர் "வாங்கோ தம்பி" என்றதும் திகைத்துப்போனேன். பெயர் குணம். என்னைவிடப் பத்து வயதாவது மூத்தவர். மேசையில் நடுப்பெட்டி இருந்தது. கதவு இடுக்கு, ஜன்னல் ரப்பர், ஒன்றும் குறையில்லை.

"நானே செய்தது. நம்பரும் நிசப் பெட்டியின்ர நம்பர்தான். அந்தப் பெட்டியிலதான் என்ர மனிசிக்கு வலி தொடங்கினது, மூத்தவள் பிறந்த அண்டைக்கு."

"அப்ப ஏன் அண்ணை விக்கிறியள்?"

"சின்ன வீட்டுக்கு மாறுறம். வைக்க இடமில்லை."

அவர் குரல் இறங்கிவிட்டது. 'நீங்களே வைத்திருங்கள்' என்று சொல்லத்தான் வேண்டும். நான்கு வருடத் தேடல் வாயைத் திறக்கவிடவில்லை. அந்த நேரம் அவர் மனைவி ராணி அக்கா தேநீருடன் வந்தார்.

"குடுத்து விடுங்கோப்பா. எனக்கு இதைப் பார்த்தா அண்டைய நோவுதான் ஞாபகம் வருது."

குணம் அண்ணை அவரையே பார்த்தார். "உமக்காகத்தானே செய்தனான்! ஏன் இவ்வளவு காலமும் சொல்லேல்லை?"

"ஒவ்வொரு கிழமையும் ஆசையாத் துடைச்சு வைப்பியள். நான் எப்பிடிச் சொல்லுறது?"

முதலில் சிரித்தவர் குணம் அண்ணைதான். தானே பெட்டியைத் துவாய்த்துண்டில் சுற்றிக் கையில் தந்தார். முன்பே பேசியபடி எழுபது டொலர் கொடுத்தேன். லிஃப்ட் வரை வந்து, "மூண்டையும் சேர்த்து ஒரு படம் அனுப்பும். அவவுக்குத் தெரியாமப் பார்க்கிறன்" என்றார்.

மாலையே அனுப்பினேன். அவருடைய எண்ணிலிருந்தே ராணி அக்கா பதில் எழுதியிருந்தார்: "வடிவாயிருக்கு தம்பி. இவர் போனைத் தாறாரில்லை, பறிச்சுத்தான் எழுதுறன்."

மாதிரிப் பெட்டி வாங்கப் போகிறவர்களுக்கு: திரும்பும்போது அதை மடியில் வையுங்கள், பைக்குள் போட்டால் சக்கரம் கழன்றுவிடும். கணவன் மனைவி இருவரும் வீட்டில் இருக்கும் நேரத்தைக் கேட்டுக்கொண்டு போங்கள். ஒருவரிடம் மட்டும் கேட்டால் பாதிக் கதைதான் கிடைக்கும்.