கோப்பெங்குக்கு லைன் கிளியர்

பாலசிங்கம் அண்ணன் இறந்த செய்தி வந்தபோது, நான் ஈப்போவில் ஒரு பார்சல் முகப்பில் அவருக்கு வந்திருந்த பொட்டலத்துக்காக வரிசையில் நின்றுகொண்டிருந்தேன். ஜெர்மனியிலிருந்து வந்த சின்னப் பொட்டலம். அது வராமல்தான் அவர் வீட்டு மாடியில் பொம்மை ரயில் மாதக்கணக்கில் பாதி வழியில் நின்றது. அவர் மனைவி கமலா அக்கா போனில், "மணியம், அவர் போயிட்டார். காலையில தேத்தண்ணி குடிச்சிட்டு உக்காந்தவர் எழும்பல," என்றார். எனக்கு முதலில் வந்தது அழுகை இல்லை, எரிச்சல். இன்னும் ஒரு நாள் இருந்திருக்கக் கூடாதா இந்த மனுஷன் என்றுதான் தோன்றியது. பொட்டலத்தை வாங்கிக்கொண்டே சாவு வீட்டுக்குப் போனேன்.

'பொம்மை ரயில்' என்று நான் எழுதியதைப் பார்த்திருந்தால் சண்டைக்கு வந்திருப்பார். "மாதிரி ரயில்னு சொல்லுலா. பொம்மைன்னா சாவி முடுக்கணும்," என்பார்.

அவரைத் தெரிந்த நீங்கள் பெரும்பாலும் ஸ்டேஷன் மாஸ்டராகத்தான் தெரிந்து வைத்திருப்பீர்கள். ஓய்வு பெற்ற பின் ஜெர்மனியில் இருக்கும் மகளைப் பார்க்கப் போனவர், உடுப்புகளை அங்கேயே விட்டுவிட்டு, பெட்டி நிறைய இஞ்சினும் தண்டவாளமுமாகத் திரும்பி வந்தார். மகளின் பழைய அறை முழுக்கப் பலகை அடித்து, பனிமலை, சுரங்கம், ஜெர்மன் பாணி மரவீடுகள் எல்லாம் வைத்தார். ஒரு முனையில் இருந்த நிலையத்துக்கு, நிஜமாகவே ரயில் நிற்கும் பக்கத்து ஊரான காம்பாரின் பெயரை வைத்தார். மறுமுனை கோப்பெங், அவர் பிறந்த ஊர். "எங்க ஊருக்குள்ள கடைசி வரைக்கும் ரயில் வரல. நான் கொண்டு வாரேன்," என்றார். பனிக்கு நடுவே கோப்பெங் பலகையைப் பார்த்து நான் சிரித்தது அவருக்குப் பிடிக்கவில்லை.

நான் தொலைபேசித் துறையில் இருந்தவன் என்பதால் வயர் வேலைக்கு என்னைக் கூப்பிட்டார். அந்த ரயில் டிஜிட்டல் முறையில் ஓடுவது. ஒவ்வொரு இஞ்சினுக்குள்ளும் ஒரு சில்லு, அதற்கு ஓர் எண். கட்டுப்பாட்டுப் பெட்டியில் எந்த எண்ணைத் தட்டுகிறோமோ அந்த இஞ்சின் மட்டும் சொன்னபடி கேட்கும். ஒரே தண்டவாளத்தில் பல வண்டிகளை ஒன்றுக்கொன்று இடிக்காமல் ஓட்டலாம். அந்தப் பெட்டியை வாங்குவதே அதற்காகத்தான். நான் ஆசையாக மூன்று இஞ்சின்களை ஏற்றினேன். அவர் சுவிட்சை அணைத்தார்.

"ஒரே லைன்ல மூணு வண்டியா? உன்ன யாருப்பா வேலைக்கு எடுத்தது?"

"அண்ணே, அதெல்லாம் கம்ப்யூட்டர் பாத்துக்கும்லா."

"முட்டிக்கிட்டா விசாரணைக்குக் கம்ப்யூட்டரா போகும்?"

அன்றிலிருந்து சட்டம் அவருடையதுதான். பித்தளை வளையம் ஒன்றைத் தேடி எடுத்து, அதுதான் டோக்கன் என்றார். வண்டி ஓட வேண்டுமானால் வளையம் பெட்டியின் மேல் இருக்க வேண்டும். வண்டி போய்ச் சேர்ந்ததும் அதைச் சுவரிலுள்ள ஆணியில் மாட்ட வேண்டும். ஆணிக்கு வராதவரை அடுத்த வண்டி கிளம்பக் கூடாது. அறையின் இரு முனையிலும் பழைய இண்டர்காம் போன்களை வைத்து, என்னைக் கோப்பெங் முக்காலியில் உட்கார வைத்தார். கை நீட்டினால் தொடலாம், ஆனாலும் மணி அடித்து, "கோப்பெங், லைன் கிளியரா?" என்பார். நான் தலையாட்டினால் செல்லாது. போனை எடுத்து வாயால் சொல்ல வேண்டும். உலகம் எங்கேயோ போய்க்கொண்டிருக்க, நான் அங்கே உட்கார்ந்து லைன் கிளியர் கொடுத்துக்கொண்டிருந்தேன். சத்தம் போட்டும் பார்த்தேன். "வண்டி போறது பெருசில்ல மணியம். எதிர்ல யாரும் வரலன்னு ஒருத்தன் சொல்லணும்," என்றார்.

இன்னொன்றையும் சொல்லாமல் விட முடியாது. ஆயுத பூசை முடிந்த மறுநாள் எந்த வண்டியும் நகரவில்லை. எண்களை மாற்றினேன், பெட்டியில் பதிந்திருந்ததை அழித்து முதலிலிருந்து அமைத்தேன், பலகைக்கு அடியில் மல்லாந்து படுத்து வயர்களைப் பிரித்துக் கட்டினேன். மத்தியானம் இடி இடித்தால் மின்னலுக்குப் பயந்து எல்லாவற்றையும் பிடுங்கிவிட்டு, மழை விட்டதும் மறுபடி மாட்ட வேண்டும். பல நாள் இப்படிப் போன பிறகு தண்டவாளத்தை விரலால் தடவினேன். காய்ந்த சந்தனம். ஸ்டேஷனில் இஞ்சினுக்கு வைத்த பழக்கத்தில், சக்கரத்துக்கும் தண்டவாளத்துக்கும் சேர்த்துப் பொட்டு வைத்திருக்கிறார். மின்சாரம் எப்படி ஏறும்? நான் வாயில் வந்ததையெல்லாம் பேசினேன். அவர் ஈரத்துணியை எடுத்துவந்து துடைத்துக்கொண்டே, "என் மேல கோபப்படு. சந்தனத்து மேல படாத," என்றார்.

கடைசியில் மிச்சம் இருந்தது ஒரே வேலைதான். கோப்பெங்கைத் தாண்டி வண்டி மலையைச் சுற்றித் திரும்பும் இடத்தில் மின்சாரம் ஒன்றோடொன்று முட்டி ஷார்ட் ஆகி மொத்தமும் அணைந்துவிடும். போன வண்டி ஒரு நாளும் காம்பாருக்குத் திரும்பியதில்லை. அதைச் சரிசெய்யும் சிறு கருவிதான் அந்தப் பொட்டலத்தில் இருந்தது. இங்கே கிடைக்கும் வேறொன்றைப் போடலாம் என்றேன். கட்டுப்பாட்டுப் பெட்டியைச் செய்தவர்களுடையதுதான் வேண்டும் என்று பிடிவாதமாக இருந்தார். "ஒரே ஒரு தடவை போயிட்டு வந்துட்டாப் போதும்," என்று சொல்லிக்கொண்டே காத்திருந்தார். காத்திருந்தே போய்விட்டார். இதை எழுதும்போதும் எனக்கு ஆறவில்லை.

முப்பத்தோராம் நாள் சடங்கு முடிந்து எல்லாரும் சாப்பிட்டுப் போன பிறகு, நான் மாடிக்குப் போய் அந்தக் கருவியை மாட்டினேன். எல்லா இஞ்சின்களையும் ஒன்றாக விடுவதாகத்தான் இருந்தேன். இனி என்னைத் தடுக்க யார் இருக்கிறார்கள்? கமலா அக்கா மேலே வந்தார். கோப்பெங் முக்காலியில் உட்கார்ந்தார்.

"அக்கா, அதெல்லாம் தேவையில்ல. அதுவாவே ஓடும்."

"மணி அடி," என்றார்.

அடித்தேன். போனை எடுத்தார்.

"கோப்பெங், லைன் கிளியரா?"

"கிளியர். எதிர்ல யாரும் வரல. விடு, வரட்டும்," என்றார்.

வளையத்தைப் பெட்டியின் மேல் வைத்து, ஒரே ஒரு வண்டியை விட்டேன். சுரங்கத்துக்குள் போய், கோப்பெங்கைத் தாண்டி, மலையைச் சுற்றியது. விளக்கு அணையவில்லை. முகத்தை என் பக்கம் திருப்பிக்கொண்டு காம்பாருக்கு வந்து நின்றது. அவர் நிற்க வேண்டிய இடத்தில் நான் நின்றுகொண்டிருந்தேன். அப்போதுதான் அழுதேன்.

அவருடையது என்று என்னிடம் இப்போது இருப்பது அந்தப் பித்தளை வளையம் மட்டும்தான். ஆணியில் மாட்டப் போனவன், மாட்டாமல் சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன். அக்கா பார்த்துவிட்டார்.

"அப்ப அடுத்த வண்டி எப்படிப் போகும்?"

"போகாது அக்கா. அவரோட சட்டம்தானே."